பேரிங் வந்ததும் உறங்குகிறவர்கள்

அந்த பம்ப் கம்பெனியில் அவளைக் கதவக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பயிற்சி மண்டபத்துச் சாவி ஒரு காலத்தில் அவளிடம் இருந்தது. பம்ப் வாங்கியவர்கள், பழுது பார்க்கிறவர்கள், வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் என்று வாரா வாரம் கூட்டம் வரும். கதவைத் திறப்பாள், பெயர் கேட்டு அட்டை மாட்டிவிடுவாள், நாற்காலி பற்றாமல் போனால் பக்கத்து அறையிலிருந்து இழுத்துக்கொண்டு வருவாள். எல்லோரும் கிளம்பியதும் விளக்கை அணைத்துப் பூட்டுவாள். பிறகு வகுப்புகள் எல்லாம் இணையத்துக்குப் போய்விட்டன. மண்டபத்தில் இப்போது அட்டைப்பெட்டிகள் குடியிருக்கின்றன. கதவு மட்டும் அவளை விடவில்லை. வெபினார் என்கிற அந்த இணைய வகுப்புக்கும் ஒரு வாசல் உண்டு. திறக்க ஒரு பொத்தான், மூட ஒரு பொத்தான். இரண்டும் அவள் கைக்கே வந்து சேர்ந்தன.

அந்த வாசலைத் திறந்தால் ஆட்கள் வரமாட்டார்கள், பெயர்கள்தான் வரும். ஒவ்வொரு பெயரும் திரையின் ஓரத்தில் நீர்க்குமிழிபோல எழும்பி, பட்டியலில் ஓர் இடம் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். முதலில் அவளுக்கு அது பிடிபடவில்லை. நாற்காலி இழுத்துப் பழகிய கைகளை எங்கே வைப்பது என்றே தெரியாமல் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போகப்போகப் பழகிவிட்டது. யார் எப்போதும் முந்திக்கொண்டு வருவார், யார் பாதியில் காணாமல்போய்த் திரும்பி வருவார் என்பதெல்லாம், காலடிச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்வதுபோல, அவளுக்குத் தெரிய ஆரம்பித்தது.

வாரத்தில் ஒருநாள், மத்தியான வெயில் மேசைமேல் சாய்ந்து விழுகிற நேரத்தில், பம்ப் சாரின் வெபினார் நடக்கும். பம்ப் சார் கம்பெனியின் சோதனைக் கொட்டகைக்குப் பொறுப்பாளர். பணி ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான். நீரேற்றும் பம்ப்பை எப்படிப் பராமரிப்பது என்பதுதான் அவருடைய தலைப்பு. வருடக்கணக்காக அதே தலைப்பு. கொட்டகையில் ஒரு பம்ப்பின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, சட்டைக் காலரில் மைக்கை மாட்டிக்கொண்டு பேசுவார். விளிம்புவரை நீர் நிறைந்த பாத்திரத்தை அலுங்காமல் தூக்கிப்போகிறவனுடைய நடை அந்தக் குரலுக்கு. ஓர் இடத்திலும் ஏறாது, ஓர் இடத்திலும் சறுக்காது. முதலில் பம்ப்பின் உடல், பிறகு உள்ளே சுழலும் இம்பெல்லர், அதன் பிறகு சுழலும் தண்டைத் தாங்குகிற பேரிங். பேரிங் வந்ததும் அவருக்கே ஒரு லயிப்பு வந்துவிடும். “பேரிங்குக்கு வேண்டியது மூணுதான். சுத்தம், எண்ணெய், அமைதி” என்பார். கடைசியில் மைக்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு பம்ப்பை ஓடவிடுவார். “நல்ல பம்ப் இப்படித்தான் பேசும். கேட்டு வெச்சுக்கோங்க. இந்தச் சத்தம் மாறினா எனக்குச் சொல்லுங்க.” அதோடு அவர் பேச்சு முடிந்தது. பம்ப் சோதனைக்காகச் சாயங்காலம்வரை ஓடும். தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும்.

கதவக்காவும் ஆரம்பத்தில் எல்லோரையும்போல, நேரம் முடிந்ததும் மூடுகிற பொத்தானை அழுத்திக்கொண்டுதான் இருந்தாள். ஒருமுறை அப்படி மூடிய மறுநாள், கேள்விப் பெட்டிக்கு ஒரு செய்தி வந்திருந்தது. ‘நேற்று நீங்கள் முடித்தபோது ஒரு மணி அடித்தது. அதற்குச் சற்று முன்னால்தான், வெகுநாள் கழித்து, எனக்குத் தூக்கம் பிடித்திருந்தது. உங்கள்மேல் தப்பில்லை. சொல்ல வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான். என்னிடம் பம்ப் கிடையாது.’

அவள் அதை இரண்டாம் முறையும் படித்தாள். இங்கே மத்தியானம் சாய்கிற நேரம், கேட்பவர்களில் பாதிப் பேர் இருக்கும் இடத்தில் நடுச்சாமம் என்பது அவளுக்கு அதுவரை உறைக்கவே இல்லை. எங்கேயோ ஓர் இருட்டு அறையில், தலையணைப் பக்கத்தில் ஒரு போன் வெளிச்சமில்லாமல் கிடக்கிறது. அதிலிருந்து பம்ப் சார் பேரிங்கைப் பற்றிச் சொல்கிறார். பிறகு தண்ணீர் விழுகிறது. ஒருவர் உறங்குகிறார். திடீரென்று ‘டிங்’ என்று மணி. ‘அமர்வு முடிக்கப்பட்டது’ என்று ஒரு பெண்குரல். அந்த மணியை அடித்தது தன் விரல்.

அடுத்த வாரம் அவள் பொத்தானை அழுத்தவில்லை. பெயர்கள் ஒன்றும் நகரவில்லை. கொட்டகையில் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. வெயில் மேசையிலிருந்து தரைக்கு இறங்கியது. பிறகு எங்கோ ஒருவர் புரண்டு படுத்துப் போனை அணைத்திருக்க வேண்டும், ஒரு பெயர் மறைந்தது. இன்னொருவருடைய பேட்டரி தீர்ந்திருக்கும். பட்டியல் மெல்ல மெல்ல, கரையை விட்டு நீர் பின்வாங்குவதுபோலக் குறைந்தது. கடைசிப் பெயரும் போன பிறகுதான் அவள் வாசலை மூடினாள். உள்ளே யாரும் இல்லாதபோது அடிக்கிற மணி யாரையும் எழுப்பாது.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ள அதில் என்ன இருக்கிறது? ஒரு பொத்தானை அழுத்தவில்லை, அவ்வளவுதானே. ஆனால் தூக்கமில்லாதவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள் போலிருக்கிறது. பெயர் பதிவு செய்கிறவர்கள் பெருகினார்கள். ‘மாடிவீட்டுக்காரி’ என்று ஒரு பெயர் வரும். ‘நைட் டியூட்டி’ என்று ஒன்று. வெறும் ஒரு புள்ளியைப் பெயராக வைத்துக்கொண்டு ஒருவர். பம்ப் சார் தேநீர் இடைவேளையில் அவள் மேசைப் பக்கம் வருவார், தற்செயலாக வந்தவர்போல.

“என்னம்மா, போன வாரம் கடைசிவரைக்கும் இருந்தாங்களா?”

“இருந்தாங்க சார். முக்கால்வாசிப் பேர்.”

“முடிஞ்சப்பறமும்?”

“முடிஞ்சப்பறமும் சார்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். போகும்போது நடை சற்றுத் துள்ளும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, பேரிங்குக்குப் புதுப் படம் வரைந்துகொண்டு வருவார்.

வீட்டில் அவள் கணவருக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வந்தவர்களை எழுத்துப் பலகைக்கு எதிரே உட்காரவைத்து, எந்த வரி தெரிகிறது என்று கேட்பது அவர் தொழில்.

“உங்க ஆபீஸ்ல தூங்கறதுக்கு இவ்வளவு பேர் வர்றாங்களா?” என்றார் ஒருநாள், சட்டை மடித்துக்கொண்டே. “என் கடைக்கு வர்றவன் முழிச்சிட்டு இருந்தும் ஒரு வரி படிக்க மாட்டேங்கறான்.”

“சிரிக்காதீங்க. பம்ப் சாருக்குத் தெரிஞ்சா மனசு விட்டுப்போயிடும்.”

“நீ சொல்ற வரைக்கும் எப்படித் தெரியும்?”

“நான் ஏன் சொல்லப்போறேன்?”

“அதான். நீ வாயத் திறக்கறதுக்குள்ள நமக்குக் கல்யாண நாள் மூணு தடவ வந்துபோயிடும்.”

அவள் சிரித்துவிட்டு மடித்த சட்டையை வாங்கி அலமாரியில் வைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மேலாளர் ஓர் ஏற்பாடு செய்தார். வெபினார் வேலைகளைப் பார்த்துக்கொள்ள, தானாக வேலை செய்கிற மென்பொருளான ஒரு ஏஐ ஏஜென்டை இணைக்கப்போவதாகச் சொன்னார். கதவக்காவுக்கு வேலை போகாது, வேறு பயிற்சிகளை ஒழுங்குபண்ண அவள் தேவைப்படுகிறாள், இந்தத் திறப்பது மூடுவதெல்லாம் இனிமேல் ஏஜென்ட் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் யோசனை. அதற்காக ஒப்பந்தத்தில் ஒரு கணினிக்காரன் வந்து சேர்ந்தான். வீட்டில் கைக்குழந்தை. கண்கள் இரண்டும் செங்கல் நிறத்தில் இருந்தன. வந்த முதல்நாளே நாற்காலி தேடாமல் ஓர் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்து, மடிக்கணினியில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்தான். அதில் படமில்லை, பொத்தானில்லை. வெள்ளை எழுத்து மட்டும் வரிவரியாய் ஓடியது.

“இதுல எதத் தொடறது?” என்றாள் கதவக்கா.

“எதயும் தொட வேணாம்க்கா. எழுதினாப் போதும். இந்த வெபினார் தளத்துக்கு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டளை இருக்கு. பதிவு பண்ணினவங்களக் காட்டுன்னா காட்டும். நினைவூட்டல் அனுப்புன்னா அனுப்பும். திற, மூடு, எல்லாமே ஒரு வரிதான். நான் இந்தக் கட்டளைகள ஏஜென்ட் கையில குடுத்துடுவேன். நீங்க சாதாரணமாப் பேசற மாதிரி சொன்னா, எந்தக் கட்டளை வேணும்னு அதுவே பாத்து எழுதிக்கும்.”

“தப்பா எழுதினா?”

“அதுக்குத்தான் மொதல்ல படிக்கற அனுமதி மட்டும் குடுத்திருக்கேன். எல்லாத்தையும் பாக்கும், எதையும் மாத்தாது. புது மருமக மாதிரி.” கொட்டாவி வந்தது. கையால் மறைத்துக்கொண்டான். “பழகினப்பறம் மாத்தற அனுமதி. அப்பவும் முக்கியமான வேலைன்னா, செய்யட்டுமான்னு கேட்டு, கொஞ்ச நேரம் பாத்துட்டுத்தான் செய்யும்.”

சில நாட்கள் அது பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தது. பழைய அமர்வுகளையெல்லாம் புரட்டியது. பிறகு அவன் கதவக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் செய்கிற வேலையை ஒன்றுவிடாமல் சொல்லச்சொன்னான். அவள் சொன்னாள். முதல்நாள் நினைவூட்டல் அனுப்புவேன். நடக்கிற அன்று பம்ப் சாரின் மைக் சரியா என்று பார்ப்பேன். வாசலைத் திறப்பேன். யாருக்காவது இணைப்பு கிடைக்கவில்லை என்றால் திரும்ப அனுப்புவேன். கேள்விகளை அவருக்குப் படித்துக் காட்டுவேன். அவன் தட்டிக்கொண்டே போனான்.

“அப்பறம்?”

“அவ்வளவுதான் தம்பி.”

“நேரம் முடிஞ்சதும் மூடறது?”

அவள் வாயைத் திறந்தாள். தான் செய்கிற வேலையைத்தானே அவன் கேட்டான்? செய்யாமல் இருப்பதை ஒரு வேலை என்று எப்படிச் சொல்வது? அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று சொன்னால் அது பம்ப் சார் காதுக்குப் போகும்.

“மூடறதுதான்...” என்று இழுத்தாள்.

“சரி, எழுதிட்டேன்” என்றான் அவன். வரி கறுப்புத் திரையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

ஏஜென்டுக்கு மாற்றும் அனுமதி கிடைத்த வாரம், சோதனையாகப் பம்ப் சாரின் வெபினாரையே அதனிடம் கொடுத்தார்கள். கதவக்காவுக்கு அன்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலையில்லை. நினைவூட்டல்கள் தாமாகப் போயின. வாசல் தானாகத் திறந்தது. பெயர்கள் எழும்பின. மாடிவீட்டுக்காரி வந்தாள். நைட் டியூட்டி வந்தார். புள்ளி வந்தது. யாரும் தன்னைத் தேடவில்லை என்பது அவளுக்கு ஒருமாதிரியாக இருந்தது.

கணினிக்காரன் காதில் ஹெட்போனை மாட்டினான். “ஆடியோ மட்டும் சரியா வருதான்னு கேட்டுக்கறேன்க்கா.”

பம்ப் சார் பேச ஆரம்பித்தார். உடல். இம்பெல்லர். வெயில் மேசைமேல் படுத்துக்கொண்டது. மின்விசிறிக் காற்றில் ஒரு காகிதத்தின் மூலை எழுந்து எழுந்து படிந்தது. “பேரிங்குக்கு வேண்டியது மூணுதான்” என்று சார் சொன்னது ஹெட்போனுக்கு வெளியிலும் மெல்லக் கசிந்தது. கதவக்கா திரும்பிப் பார்த்தபோது, கணினிக்காரனின் தலை அட்டைப்பெட்டிச் சுவரில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. குழந்தை பிறந்தபிறகு அவன் முகம் இப்போதுதான் முதன்முறையாக ஓய்ந்திருக்கிறதோ என்று தோன்றும்படி தூங்கினான்.

பேச்சு முடிந்தது. பம்ப் ஓடத் தொடங்கியது. தண்ணீர் விழுந்தது.

கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நின்றது. ‘திட்டமிட்ட நேரம் முடிந்துவிட்டது. பெரும்பாலானவர்கள் இன்னும் உள்ளே இருக்கிறார்கள். அனைவருக்கும் அமர்வை முடிக்கட்டுமா? பதில் இல்லையென்றால், எனக்குக் கொடுக்கப்பட்ட குறிப்பின்படி சற்று நேரத்தில் முடித்துவிடுவேன்.’ அதன் கீழே கர்சர் கண் சிமிட்டியது.

கதவக்கா கணினிக்காரனைப் பார்த்தாள். அவனை எழுப்பலாம். கையை நீட்டினாள். தோளைத் தொடுமுன் கை நின்றுவிட்டது. இவனை எழுப்பித்தான் மற்றவர்களைத் தூங்கவைக்க வேண்டுமா? அவள் மடிக்கணினியை மெதுவாகத் தன் பக்கம் திருப்பினாள். ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித்தேடி அடித்தாள்.

‘வேண்டாம்.’

‘சரி, முடிக்கவில்லை’ என்றது ஏஜென்ட். ‘பழைய அமர்வுகளைப் பார்த்தபோது ஒன்று கவனித்தேன். இந்த ஒரு தொடர் மட்டும் எப்போதும் நேரம் கடந்தும் திறந்தே இருந்திருக்கிறது. கடைசி ஆள் வெளியேறிய பிறகே மூடப்பட்டிருக்கிறது. இது தவறிப்போய் நடப்பதா, வேண்டுமென்றே செய்வதா?’

இத்தனை வருடத்தில் அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. கவனித்ததும் இல்லை.

‘வேண்டுமென்றே’ என்று அடித்தாள். அடித்துவிட்டு, அந்தச் சொல்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘காரணத்தைச் சொன்னால் அதற்கேற்ப நடந்துகொள்வேன்.’

‘தூங்குகிறார்கள். மூடினால் மணி அடிக்கும்.’

இந்தமுறை பதில் வரச் சற்றுத் தாமதமானது. ‘அந்த மணியை நிறுத்த வழி இருக்கிறதா என்று தேடினேன். என்னிடம் உள்ள கட்டளைகளில் இல்லை. ஆகவே ஒவ்வொருவரும் தாமாக வெளியேறும்வரை காத்திருக்கிறேன். இனி எல்லா வாரமும் இப்படியே செய்யட்டுமா?’

‘ஆமாம்.’

‘குறிப்பை மாற்றிக்கொண்டேன். இன்னொன்று. ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் பேச்சாளருக்கும் மேலாளருக்கும் ஒரு சுருக்கம் அனுப்ப வேண்டும். நேரம் நீண்டதற்குக் காரணமாக, பங்கேற்பாளர்கள் உறங்கியதைக் குறிப்பிடலாமா?’

‘குறிப்பிடாதே.’

‘சரி, சுருக்கத்தில் அதை எழுதமாட்டேன். ஆனால் அவர்கள் நேரடியாகக் காரணம் கேட்டால் வேறொன்றைச் சொல்ல என்னால் முடியாது.’

கேட்பார். பம்ப் சார் கட்டாயம் கேட்பார். அவர்தான் வாரா வாரம் கேட்கிறாரே. இனிமேல் தேநீரோடு அவள் மேசைக்கு வரவேண்டியதில்லை, நேராக இதனிடமே கேட்டுவிடுவார். இதுவும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடும். ஒரு கறுப்புத் திரையிலிருந்து அந்த மனுஷர் அதைப் படிக்கப்போகிறார். கண்ணாடியைக் கழற்றுவார். பிறகு திரும்ப மாட்டிக்கொள்ளக்கூடத் தோன்றாமல் நிற்பார்.

‘சுருக்கத்தை நான் திரும்பி வரும்வரை அனுப்பாதே’ என்று அடித்துவிட்டு எழுந்தாள்.

கொட்டகைக்குப் போகிற பாதை முழுக்கத் தகர நிழல். உள்ளே ஈரத்தரையில் கூரை ஓட்டை வழியாக விழுந்த வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது. பம்ப் சார் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“வாம்மா கதவு. என்ன இந்தப் பக்கம்...”

அவள் உதட்டில் விரலை வைத்தாள். மேசைமேல் மைக் கிடந்தது. அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சார் புருவத்தை உயர்த்தினார். அவள் வெளியே வரும்படி சைகை காட்டினாள். தேநீர்க் குவளையோடு, சொன்னபேச்சுக் கேட்கிற பிள்ளைபோல அவள் பின்னால் வந்தார். கொட்டகைக்கு வெளியே, குழாய்கள் அடுக்கியிருந்த இடத்தில் இருவரும் நின்றார்கள்.

“யாரு செத்துப்போயிட்டா? இப்படிப் பதுங்கிக்கிட்டு வர்றே?” அவரும் ஏனோ ரகசியக் குரலில்தான் கேட்டார்.

“மைக்ல கேக்கும் சார். எல்லாரும் இன்னும் உள்ளதான் இருக்காங்க.”

“இன்னுமா?” முகம் மலர்ந்தது. “கேள்வி ஏதாவது கேக்கறாங்களா?”

“இல்ல சார்.” அவள் குழாய்களைப் பார்த்தாள். “தூங்கறாங்க.”

“யாரு?”

“எல்லாருந்தான்.”

அவர் குவளையை வாய்க்குக் கொண்டுபோனார், குடிக்காமலே இறக்கினார். அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். வேறெங்கேயும் தூக்கம் வராதவர்கள் என்று. அவர் குரலில் வருகிறது, தண்ணீர்ச் சத்தத்தில் வருகிறது என்று. பாதிப் பேரிடம் பம்ப்பே இல்லை என்று. மணி அடித்தால் எழுந்துவிடுகிறார்கள் என்பதால் தான் மூடுவதில்லை என்று. அவ்வளவு நீளமாக அவள் அந்த அலுவலகத்தில் பேசியதே இல்லை.

“எத்தன நாளா நடக்குது இது?”

“ரொம்ப நாளா சார்.”

“பம்ப் இல்லாதவன் எதுக்கும்மா இதுல வந்து உக்காரணும்?”

“உக்காரல சார். படுத்துக்கறாங்க.”

அவர் அவளை முறைத்தார். அவள் வேண்டுமென்று சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள்.

“ஞாயித்துக்கெழம பூரா உக்காந்து படம் வரையறேன். எங்க வீட்டுல, உங்களுக்கு எங்கள விட அந்த பம்ப்தான் ஒசத்தின்னு திட்டறாங்க.” குரல் ஒரு நூலிழை ஏறியது. கொட்டகைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தானாகவே தணித்துக்கொண்டார். “ஆரம்பத்துலயே தூங்கிடறாங்களா? இம்பெல்லர்லயே?”

“இல்ல சார். இம்பெல்லர் நல்லாக் கேக்கறாங்க. பேரிங் வந்ததுந்தான்.”

“பேரிங்தானேம்மா உயிர்நாடி.”

“ஆமா சார்.”

“நீ ஏன் மொதல்லயே சொல்லல?”

“நீங்க சந்தோஷமா இருந்தீங்க.”

அவர் தேநீரைத் தரையில் கொட்டிவிட்டு உள்ளே போனார். அவள் வாசலில் நின்றாள். அவர் நேராகச் சுவரிலிருந்த சுவிட்சுப் பலகைக்குப் போனார். இப்போது பம்ப்பை அணைத்தால் மணியே தேவையில்லை. ஓடிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றாலே உறங்குகிறவர்கள் திடுக்கிட்டு எழுந்துவிடுவார்கள். வேண்டாம் சார் என்று கத்தவும் வழியில்லை. மைக் இருக்கிறது.

சார் சுவிட்சின்மேல் கையை வைத்தார். வைத்தபடியே நின்றார். அவர் முதுகு மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. மேசைமேல் பச்சை விளக்கு. எங்கெங்கோ இருட்டில் கிடக்கிற போன்கள். இங்கே இந்த ஈரக் கொட்டகையில் ஒரு மனுஷரின் கை. அவர் திரும்பி மைக்கைப் பார்த்தார். யாரோ தெரிந்தவர் வீட்டில் தூங்குகிற குழந்தையை எட்டிப்பார்ப்பதுபோலக் கொஞ்சம் குனிந்துகூடப் பார்த்தார்.

பிறகு கையை எடுத்துவிட்டார். தொட்டிக்கு மேலிருந்த குழாயிடம் போய், அதன் வால்வை மிக மெதுவாகத் திருகினார். தொட்டியில் தடதடவென்று விழுந்துகொண்டிருந்த தண்ணீர் மெலிந்தது. இன்னும் கொஞ்சம் திருகினார். இப்போது அது விழுகிற சத்தமாக இல்லை, வழிகிற சத்தமாக இருந்தது. தலையைச் சாய்த்துக் கேட்டார். திருப்தியில்லை போலிருக்கிறது. ஒரு மயிரிழை திறந்தார். அப்புறம் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலை இழுத்தால் சத்தம் வரும் என்று அதைத் தூக்கிவந்து போட்டு, பம்ப்பின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அவள் திரும்பி வந்தபோது கணினிக்காரன் விழித்திருந்தான். முகத்தில் ஹெட்போன் பட்டையின் தடம்.

“அக்கா, நான் கண்ண மூடிட்டேனா?”

“கொஞ்ச நேரந்தான்.”

“யாரோ குறிப்ப மாத்தியிருக்காங்க. மூட வேணாம்னு.”

“நான்தான்.”

அவன் திரையில் ஓடியிருந்த உரையாடலை மேலிருந்து படித்தான். ‘தூங்குகிறார்கள்’ என்ற இடத்தில் வந்து நின்றான். தன் ஹெட்போனைப் பார்த்தான். “இதோட இணைப்ப என் வீட்டுக்காரிக்கும் அனுப்பச் சொல்லவாக்கா?” என்று மட்டும் கேட்டான்.

“சொல்லு தம்பி.”

சுருக்கம் அன்று சாயங்காலம் போனது. அதில் தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

அடுத்த வாரம் பம்ப் சார் தேநீர் இடைவேளையில் அவள் மேசைப்பக்கம் வரவில்லை. அவளுக்கு மனசு கேட்கவில்லை. வெபினார் தொடங்கியதும் திரையில் முதலில் பார்த்தது, கொட்டகையின் பெரிய விளக்கு அணைந்து, ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு மட்டும் எரிவதைத்தான்.

“வணக்கம்” என்றார் சார். “பம்ப் வெச்சிருக்கறவங்க கேக்க வேண்டியத எல்லாம் இப்பவே கேட்டுடுங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் பரவால்ல, பதில் சொல்றேன். பேரிங்குக்கு அப்பறம் யாரும் கேள்வி கேக்கக் கூடாது. மத்தவங்களுக்குத் தொந்தரவு.”

கேள்விகள் வந்தன. ஒருவருடைய பம்ப் நீரை இழுக்காமல் காற்றை இழுத்தது. இன்னொருவருடையது சூடானது. சார் சுறுசுறுப்பாக, நடுவே ஒரு கிண்டலும் சேர்த்துப் பதில் சொன்னார். அவருக்கு அப்படியும் பேச வரும் என்று கதவக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது. கேள்விகள் தீர்ந்ததும் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு குரலை இறக்கிவைத்து, யாருக்கும் அவசரமில்லாத பாதையில் நடக்கிறவர்போல, உடலிலிருந்து தொடங்கினார்.

நேரம் முடிந்தபோது கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது. ‘வாசலை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.’

‘தெரியும்’ என்று அடித்தாள் கதவக்கா.

செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நாற்காலிமேல் மடக்கி வைத்துக்கொண்டாள். வழிகிற தண்ணீரைக் கேட்டுக்கொண்டு, பெயர்களைப் பார்த்தபடி அங்கேயே இருந்தாள்.